ஒரு வாட் காற்று

"அங்கிள், உங்க மாடியில 43 காட்டுது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்துல 41தானாம்."

பக்கத்து வீட்டுப் பிளஸ் ஒன் பையன் கைப்பேசியைப் பார்த்தபடியே மாடிப்படி ஏறி வந்தான். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அது. மணி இரண்டு இருக்கும். துணிக்கொடியில் காய்ந்த வேட்டிகூட அசையவில்லை. மொட்டை மாடியின் ஓரத்தில் இரும்புக் கம்பம் நட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இட்லித் தட்டுபோல் அடுக்கிய கூண்டுக்குள் வெப்ப உணரியை வைத்திருந்தேன். கடற்காற்று நம் பக்கம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது, அதனால்தான் இரண்டு டிகிரி வித்தியாசம் என்று அவனுக்கு விளக்கம் சொன்னேன். சென்னைக்கு அது பொருந்தக்கூடிய விளக்கம்தான். ஆனால் அவன் வேறொன்றைக் கேட்டான்: "காத்தே இல்லாததால கூண்டே சூடாயிருந்தா?"

கீழே போய் மேசை மின்விசிறியை எடுத்துவந்து, நீளக் கம்பியில் இணைத்து, கூண்டின் பக்கம் திருப்பி ஓடவிட்டோம். பத்து நிமிடத்தில் அளவு ஒன்றரை டிகிரி இறங்கியது. மின்விசிறியை நிறுத்தினோம். மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

இந்தச் சோதனை சொல்வதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை. அதன் எதிரே உட்கார்ந்தால் நமக்கு இதமாக இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் வியர்வை ஆவியாவது. உலர்ந்த வெப்பமானிக்கு வியர்வை இல்லை. சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே அதைக் குளிரவைக்க எந்த மின்விசிறியாலும் முடியாது. ஆகவே இறங்கிய அந்த ஒன்றரை டிகிரி காற்றினுடையது அல்ல, கூண்டினுடையது. அதுவரை நான் குறித்துவைத்த கோடைக்காலப் பகல் அளவுகளில் காற்றில்லாத நாட்களுடையவை எல்லாமே ஐயத்துக்கு உரியவையாகிவிட்டன.

ஒன்றரை டிகிரி சின்ன விஷயம் இல்லை. சமவெளியில் பகல் உச்சம் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் அதை வெப்ப அலை என்று இந்திய வானிலைத் துறை வகுத்திருக்கிறது. கடலோர நிலையங்களுக்கு அந்த எல்லை 37 டிகிரி. 4.5 என்ற எல்லையை வைத்து முடிவெடுக்கும் இடத்தில் 1.5 டிகிரி பிழை என்றால் மூன்றில் ஒரு பங்கு பிழை.

எந்த வெப்பமானியும் அளப்பது தன்னுடைய வெப்பத்தைத்தான். அதன் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. வெள்ளை நிறம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் தட்டுகளைச் சூடாக்கும். மாடித் தளம் வேறு கீழிருந்து வெயிலை எதிரொளித்து, தன் சூட்டையும் சேர்த்து அனுப்பும். தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு தொட்டியாகக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குழாய்தான் காற்று. காற்று வீசும்போது குழாய் அகலமாகத் திறந்திருக்கும், சூடு தேங்காது. காற்று நின்றால் குழாய் சுருங்கும், தொட்டி நிரம்பும்.

இந்தத் தொல்லை பழையது. ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1864இல் இரட்டைச் சட்டச் சுவருள்ள வெள்ளை மரப்பெட்டியை விவரித்தார். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். உலகின் பல வானிலை நிலையங்களில் இன்றும் கால் முளைத்த அலமாரிபோல் நிற்பது அந்தப் பெட்டியின் வாரிசுதான். ஆனால் அதுவும் இயற்கைக் காற்றை நம்பியது. காற்றில்லாத கடும் வெயிலில் அதன் உள்ளே 2.5 டிகிரி வரை கூடுதலாகவும், தெளிந்த அசைவற்ற இரவில் 0.5 டிகிரி வரை குறைவாகவும் காட்டக்கூடும் என்று உலக வானிலை அமைப்பின் கையேடே ஒப்புக்கொள்கிறது. இரவுப் பிழையை மறந்துவிடாதீர்கள். மின்சாரக் கணக்கில் அது பெரிய இடம் பிடிக்கப் போகிறது.

காற்று வராவிட்டால் நாமே காற்றை வரவழைக்கலாம் என்ற எண்ணத்தைக் கருவியாக வடித்தவர் ரிச்சர்ட் அஸ்மான் என்ற ஜெர்மானியர். மருத்துவராகத் தொழில் செய்து, பின்பு வானிலைக்கு வந்தவர். பலூனில் மேலே போய் வெப்பத்தை அளக்க வேண்டும் என்பது அவர் முன் இருந்த சிக்கல். பலூன் காற்றோடு சேர்ந்தே மிதக்கும். ஆகவே எவ்வளவு புயல் வீசினாலும் பலூன் கூடையில் காற்று அசையாது. வெயிலோ தரையில் இருப்பதைவிடக் கடுமை. வெப்பமானி பொய் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1880களின் பிற்பகுதியில் அஸ்மான் ஒரு கருவி செய்தார். பளபளவென்று மெருகேற்றிய உலோகக் குழாய்க்குள் இன்னொரு குழாய், அதற்குள் வெப்பமானியின் குமிழ், உச்சியில் கடிகாரத்தைப்போல் சாவி கொடுத்து முடுக்கும் விசைச்சுருள், அது சுழற்றும் சிறு விசிறி. சாவி கொடுத்தால் சில நிமிடங்களுக்குக் காற்று வினாடிக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வேகத்தில் குமிழை உரசிக்கொண்டு மேலேறும். அது நிலைப்பட்ட பிறகு அளவைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கவனம் பிற்காலத்தில் பலன் தந்தது. சுமார் பதினொரு கிலோமீட்டருக்கு மேலே வெப்பம் குறைவது நின்றுபோவதை 1902இல் அஸ்மானும் பிரான்சின் தெய்ஸ்ரங் த போரும் தனித்தனியே அறிவித்தார்கள். இன்று நாம் ஸ்ட்ராடோஸ்பியர் என்று சொல்லும் அடுக்கு அது. அறிவிக்குமுன் த போர் நெடுங்காலம் தயங்கினார். கருவி வெயிலில் காய்ந்ததால்தான் மேலே வெப்பம் குறையாததுபோல் தெரிகிறதோ என்ற ஐயம் அவருக்கு. அதைத் தீர்த்துக்கொள்ள இரவில் பலூன்களை ஏற்றினார். வளிமண்டலத்தின் ஓர் அடுக்கே வெயில் பிழையோ என்று சந்தேகிக்க வேண்டியிருந்தது என்றால், என் மாடியின் ஒன்றரை டிகிரியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அஸ்மானின் விசைச்சுருளுக்குச் சில நிமிட ஆயுள் போதும். ஆள் பக்கத்தில் நின்று சாவி கொடுத்தார், படித்தார், எழுதினார். நம் வீட்டு வானிலை நிலையம் ஆளில்லாமல் ஆண்டுக்கு 8760 மணி நேரம் ஓட வேண்டும். சாவி கொடுப்பது யார்?

விசிறியில் சிரமம் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கணினிக்கான 80 மில்லிமீட்டர் ஃபேன் எந்தக் கடையிலும் கிடைக்கும். 12 வோல்ட், 0.1 ஆம்பியர் என்று முதுகில் ஒட்டியிருக்கும். அதாவது 1.2 வாட். இதன் மோட்டாரில் தேய்ந்துபோகும் கரித்துண்டுகள் கிடையாது. சுழலும் பகுதியில் நிலைக்காந்தம், நிற்கும் பகுதியில் கம்பிச்சுருள். காந்தம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஹால் உணரி பார்த்துச் சொல்ல, சிறு மின்சுற்று மின்னோட்டத்தை மாற்றிமாற்றித் தள்ளும். முதலில் சாவது பேரிங்தான். 50,000 மணி நேரம் என்று தாளில் போட்டிருந்தால் அது இடைவிடாத ஓட்டத்துக்கு ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் பெட்டிக்குள் சுத்தமாக இருக்கும் ஃபேனுக்கு. மாடியில் தூசி, உப்புக்காற்று, ஈரம் எல்லாம் உண்டு. ஆகவே வாங்கும்போது குண்டு பேரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும், சூட்டைத் தாங்கும்.

ஃபேன் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். உணரியை நோக்கி ஊதும்படி வைக்கக் கூடாது. காற்று முதலில் உணரியைத் தொட வேண்டும், பிறகு ஃபேனைக் கடந்து வெளியேற வேண்டும். அஸ்மானும் உறிஞ்சத்தான் செய்தார், ஊதவில்லை. உணரிக்குக் கூண்டாக வைக்கும் 75 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று போனால் வினாடிக்கு 13 லிட்டர், எடையில் சுமார் 15 கிராம். இதை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 15 ஜூல் போதும். ஃபேன் தின்னும் 1.2 வாட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அது உணரிக்கு முன்னால் இருந்தால் ஏறக்குறைய 0.1 டிகிரியை நாமே காற்றில் சேர்த்துவிடுகிறோம். பின்னால் இருந்தால் பாதகம் இல்லை. காற்றைக் கீழ்வாயில் இழுத்து மேலே, பக்கவாட்டில் வெளியேற்றுவது வழக்கம். வெளியேறிய காற்று வளைந்து மறுபடி உள்ளே வராதபடி இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். கீழ்வாய் சுடும் மாடித் தளத்துக்கு அருகில் இருந்தால் தளத்தின் மேல் தவழும் சூடான காற்றை விசிறி உறிஞ்சும். உணரிக்குத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம் என்று உலக வானிலை அமைப்பு சொல்கிறது. அதுவும் இயற்கையான தரைக்கு மேலே. வீட்டில் தோட்டம் இருந்தால் மாடியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே போங்கள்.

இனி மின்சாரம்.

வீட்டு வானிலை நிலையத்தில் மற்ற எல்லாம் மிகக் குறைவாகச் சாப்பிடும். இன்றைய வெப்ப, ஈரப்பத உணரிகள் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஓடுபவை. அளவை வானொலி அலையில் அனுப்பும் பகுதியும் சில வினாடிகளுக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் விழித்துப் பிறகு தூங்கிவிடும். அதனால்தான் இரண்டு பென்சில் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடுகின்றன. அந்த இரண்டு பேட்டரியில் அடங்கியிருப்பது ஏழரை வாட்-மணி அளவுதான். நம் ஃபேனை அதில் மாட்டினால் காலையில் போட்டது பிற்பகலுக்குள் நின்றுவிடும். நிலையம் முழுவதையும் வாங்கிய பிறகு அதில் சேர்க்கும் இந்தச் சின்னப் பொருள்தான் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் கேட்கிறது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு பெரிய பேனல், எவ்வளவு பெரிய பேட்டரி என்பது அல்ல. எவ்வளவு காற்று போதும் என்பதுதான். இங்கே இரண்டு விதிகள் எதிரெதிராக நிற்கின்றன. சிறு பொருளிலிருந்து காற்று சூட்டைக் கொண்டுபோகும் திறன், காற்றின் வேகத்தோடு ஏறக்குறைய வர்க்கமூலமாகத்தான் கூடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் குளிரும் திறன் 1.4 மடங்குதான். விசிறிக்குத் தேவையான மின்சக்தியோ வேகத்தின் கனமாக ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் தட்டுக் கூண்டுக்குள் வினாடிக்கு 0.3 மீட்டர் அசைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1.5 மீட்டராக்கினால் பிழை பாதிக்கும் கீழே இறங்கும். 3 மீட்டராக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு வரும். அதற்கு மேல் 6 மீட்டருக்குப் போனால் மிச்சமிருக்கும் சிறு பிழையில் கால்பங்கு சொச்சம்தான் குறையும், மின்சாரமோ எட்டு மடங்கு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி வைத்திருப்பவருக்கு வினாடிக்கு இரண்டரை மீட்டர் கண்டிப்பாக வேண்டும். மின்னணு ஈரப்பத உணரி வைத்திருக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: பலமான விசிறியைத் தேடாதீர்கள். மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடும் விசிறியைத் தேடுங்கள்.

12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டினால் வேகம் ஏறக்குறைய அறுபது சதவீதம். கனவிதிப்படி சக்தி ஐந்தில் ஒரு பங்காக வேண்டும். மோட்டாரின் இழப்புகள் சேர்ந்து நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு, 0.4 வாட் அளவில் நிற்கும். சில ஃபேன்கள் 7 வோல்ட்டில் தாமாகக் கிளம்பாது. ஓடிக்கொண்டிருப்பதைக் குறைத்தால் ஓடும். நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் நடுங்கிக்கொண்டு நிற்கும். வாங்கியவுடன் மேசையில் வைத்து இதைச் சோதியுங்கள். வோல்ட்டைக் குறைக்க, பழைய மின்னணுப் புத்தகங்களில் வரும் மூன்று கால் ரெகுலேட்டரைப் போடாதீர்கள். 12ஐ 5 ஆக்கும்போது ஃபேனுக்கு 1 வாட் கொடுக்க அது 1.4 வாட்டைச் சூடாக எரித்துவிடும். அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் அகலமுள்ள பக் கன்வெர்ட்டர் பலகை போட்டால், அது வரும் சக்தியில் 85 சதவீதத்துக்கு மேல் ஃபேனுக்கே சேர்க்கும்.

வீட்டு மின்சாரம் எட்டும் தூரத்தில் கம்பம் இருந்தால் அடாப்டர்தான் எளிய வழி. 230 வோல்ட்டைக் கம்பம் வரை கொண்டுபோகவே கூடாது. மழையில் நனையும் கம்பத்தில் அது உயிரோடு விளையாடுவது. அடாப்டரை வீட்டுக்குள்ளே வைத்து, 12 வோல்ட்டை மட்டும் வெளியே அனுப்புங்கள். பலர் மிச்சமிருக்கும் லேன் கேபிளைப் பயன்படுத்துகிறார்கள். 20 மீட்டர் தூரம் என்றால் போகவர 40 மீட்டர் மெல்லிய செம்புக்கம்பி; மின்தடை ஏறக்குறைய மூன்றரை ஓம். 12 வோல்ட், 0.1 ஆம்பியர் ஃபேனுக்கு அதில் இழப்பது 0.35 வோல்ட், பரவாயில்லை. அதே கேபிளில் கைப்பேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட், 0.2 ஆம்பியர் ஃபேனை ஓட்டினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஏழில் ஒரு பங்கு. கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கினால் இழப்பு பாதியாகும். ஃபேனின் மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாகப் போகும். அதே கம்பியில் உணரிக்கும் மின்சாரம் கொடுத்தால் அளவில் நடுக்கம் தெரியலாம். தனிக் கம்பி கொடுங்கள், ஃபேனின் அருகே ஒரு கப்பாசிட்டரும் போடுங்கள்.

மின்வெட்டு? இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் கவலை இல்லை. இந்த ஒரு வாட்டுக்காக இன்வெர்ட்டர் வாங்குவது வீண். சும்மா இருக்கும்போதே அது இந்த ஃபேனைப்போல் பல மடங்கு சாப்பிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களைப் பதிவு செய்யத்தானே நிலையம் வைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலானோர் சோலாருக்கு வருகிறார்கள்.

சோலாரில் மிக எளிய வடிவம், பேனலிலிருந்து நேரே ஃபேனுக்குக் கம்பி இழுப்பது. பேட்டரியும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். வெயில் கூடினால் பிழை கூடும். அதே வெயிலில் ஃபேன் வேகமும் கூடும். நோய் வரும் வழியாகவே மருந்தும் வருகிறது. கடையில் கிடைக்கும் நிலையங்கள் சிலவற்றில் பகல் மட்டும் சுழலும் ஃபேன் இப்படித்தான் ஓடுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் 12 வோல்ட் பேனல் என்று விற்பதில் கம்பி திறந்திருக்கும்போது 21 வோல்ட் வரை இருக்கும். 13.8 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஃபேனை அதில் நேராக மாட்டினால் ஒரு கோடை தாண்டாது. இடையில் பக் கன்வெர்ட்டர் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் குறை பகலில் இல்லை, இரவில் இருக்கிறது. மார்கழி, தை மாதத்துத் தெளிந்த இரவுகளில் காற்று ஓய்ந்துவிடும். கூண்டின் மேல்தட்டு வெட்டவெளி வானத்தை நோக்கித் தன் சூட்டைக் கதிராக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதன் மேல் பனித்துளி படிவதைக் காலையில் பார்க்கலாம். உள்ளே உள்ள உணரியும் அந்தக் குளிரில் பங்கு கொள்ளும். ஆண்டின் மிகக் குறைந்த வெப்பம் பதிவாகும் இரவுகள் பெரும்பாலும் இவைதான். பகல் உச்சத்தைத் திருத்திக்கொண்டு இரவுக் குறைவைப் பிழையோடு விடுவது பாதி வேலை. ஆகவே பேட்டரி.

என் கணக்கை அப்படியே தருகிறேன். 10 வாட் பேனல். சென்னையில் நல்ல நாளில் முழு வெயில் ஐந்து மணி நேரத்துக்குச் சமம் என்று கொள்ளலாம். தூசி, சூடு, சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி இழப்புகளுக்கு முப்பது சதவீதம் கழித்தால் 35 வாட்-மணி கையில் நிற்கும். பகல் 12 மணி நேரம் முழு வேகத்தில் 1.2 வாட், இரவு 12 மணி நேரம் 0.4 வாட். மொத்தம் 19. தாராளமாகப் போதும். பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. யுபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் அதே ஈய அமிலப் பேட்டரி. 84 வாட்-மணியில் பாதியைத்தான் தொட வேண்டும், அதற்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும். ஆகப் பயன்படுவது 42. பேட்டரியின் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால் பேனலின் நிழலிலாவது வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்; அதை முக்காலுக்கு மேல் வடித்தாலும் தாங்கும். இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குள் மின்சாரம் திரும்பிப் பாயாமல் கன்ட்ரோலர் தடுக்கும். அது இல்லாத எளிய அமைப்பில் ஒரு டையோடு போட வேண்டும்.

அடுத்து எல்லோரும் அஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நாலைந்து நாள் சூரியனே தெரியாது. வெயில் ஒரு மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தாலே அதிகம். பேனல் தருவது 7 வாட்-மணி. முழு வேகத்தில் 24 மணி நேரத்துக்கு வேண்டியது 29. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து 40 வாட் பேனல், 26 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கம்பம் அந்த எடையைத் தாங்கவில்லை.

அவர்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று. மேகம் மூடிய நாளில் ஃபேனுக்கு என்ன வேலை? சுடும் வெயில் இல்லை, பகல் பிழை இல்லை. இரவில் மேகம் போர்வைபோல் மூடியிருப்பதால் கூண்டு வானத்துக்குச் சூட்டை இழப்பதும் குறைவு, இரவுப் பிழையும் இல்லை. புயலடிக்கும் நாளில் இயற்கையே நம் ஃபேனைவிடப் பலமாக விசிறுகிறது. மின்சாரம் கிடைக்காத நாட்களும் ஃபேன் தேவைப்படாத நாட்களும் பெரும்பாலும் ஒன்றேதான். எனவே பேனல் தரும் மின்சாரம் குறைந்தால் நாள் முழுவதும் 0.4 வாட்டில் ஓடட்டும். ஒரு நாளைக்கு 10 வாட்-மணி கூட ஆகாது, அதில் 7ஐ மங்கலான பேனலே தந்துவிடும். பேட்டரியிலிருந்து எடுப்பது 3 வாட்-மணிதான். அந்த வேகத்தில் பத்து நாள் மழையையும் தாண்டலாம். மழையின்போது வேகம் குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வேகமாக உறிஞ்சும் கீழ்வாய் சாரலையும் சேர்த்து இழுக்கும். உணரி நனைந்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது. ஆவியாகும் நீரின் குளிர்ச்சியைக் காட்டும்.

மின்சாரத்தைச் சேமிக்க, அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஃபேனை ஓடவிடலாம் என்பாரும் உண்டு. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓடினால் அறுபது சதவீதம் மிச்சம். ஆனால் நின்றிருந்த மூன்று நிமிடத்தில் சூடான குழாய், ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தில் தன் சூட்டைக் காற்றில் கலக்கும். அஸ்மானின் கருவியிலும் சாவி கொடுத்துச் சில நிமிடம் காத்திருந்துதான் படித்தார்கள். தொடர்ந்து மெதுவாக ஓடவிடுவதையே நான் தேர்ந்தெடுத்தேன்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. சென்ற ஆண்டு பங்குனியில் மூன்று நாள் தொடர்ந்து என் நிலையம் அக்கம்பக்கத்து நிலையங்களைவிட இரண்டு டிகிரிக்கு மேல் அதிகம் காட்டியது. மேலே ஏறிப் பார்த்தால், ஃபேனின் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஃபேன் உள்ள கூண்டு நின்றுபோனால் ஃபேனே இல்லாத தட்டுக் கூண்டைவிட மோசம். தட்டுக் கூண்டு நாலாபுறமும் திறந்தது, வந்த காற்றை ஏற்கும். நம் குழாய் மூடியது. விசிறி நின்றால் அது வெயிலில் நிற்கும் ஓர் அடைத்த அறை. அந்த மூன்று நாளும் எந்த விளக்கும் எரியவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. எண்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன.

அமெரிக்கத் தட்பவெப்பநிலை ஒப்பீட்டு நிலையங்களில் இதற்குத் தீர்வு கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று பிளாட்டினம் வெப்பமானிகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கூண்டில், தனித்தனி விசிறியோடு. வெப்ப அளவோடு சேர்த்து விசிறியின் சுழல் வேகமும் பதிவாகிறது. ஒரு விசிறி தளர்ந்தால் அதன் வெப்பமானி மற்ற இரண்டிலிருந்து விலகுவதும் தெரியும், காரணமும் கூடவே தெரியும்.

நமக்கு மூன்று வேண்டாம். ரிச்சி தெரு ஃபேனில் சிவப்பு, கறுப்புக் கம்பிகளோடு மூன்றாவதாக மஞ்சள் கம்பி ஒன்று இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று அது தன் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் வினாடிக்கு 67 துடிப்பு. அதை எண்ணும் வேலையை நிலையத்தின் சிறு கணினியிடம் கொடுத்து, ஒவ்வொரு வெப்ப அளவுக்குப் பக்கத்திலும் ஃபேன் வேகத்தை எழுதவையுங்கள். அதைச் செய்ய வசதி இல்லாதவர் வாரம் ஒருமுறை மாடியேறி, காற்று வெளியேறும் இடத்தில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். கீழ்வாயில் கொசுவலை கட்டி, அதில் படியும் தூசியை மாதம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஃபேன் நின்றிருந்த நாட்களின் அளவுகளை அழிக்க வேண்டாம். அவற்றின் அருகே "காற்று இல்லை" என்று எழுதி வைத்துவிடுங்கள்.